அடையாற்றில் பிறந்த மாதர் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 1917-இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அநேகமாக ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்ததில் அதற்கு எவ்வளவு பங்கு, அது யாருடைய சங்கம், கட்சி சார்பில்லை என்று சொன்னது உண்மைதானா, இப்படி. அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே விட்டிருக்கிறேன்; ஆண்டு வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியின் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்பது என்ன?

பலருக்கும் இந்தச் சங்கம் அறிமுகமாவதே அந்த மூன்று எழுத்துகள் வழியாகத்தான். ‘விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்’ என்பதன் சுருக்கம் அது. தமிழில் இந்திய மாதர் சங்கம் என்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நோய்க்கென்றே தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதிருந்தே உண்டு. மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்த கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயரில் இருக்கும் அந்த மூன்று எழுத்துகளின் கதைதான் அவ்வளவாகத் தெரியாது.

சங்கத்தை யார், எப்போது தொடங்கினார்கள்?

1917 மே 8, அடையாறு. பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) வளாகத்தைச் சுற்றியிருந்த பெண்கள்தான் தொடங்கினார்கள். முன்னின்று வேலை செய்தவர் டோரதி ஜினராஜதாசா. இங்கிலாந்துக்காரர், இலங்கையிலிருந்து வந்த பிரம்மஞானி ஜினராஜதாசாவின் மனைவி. அன்னி பெசன்ட் முதல் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ் இன்னொரு தூண். அம்மு சுவாமிநாதன், மாலதி பட்வர்தன், எஸ். அம்புஜம்மாள் போன்றவர்கள் தொடக்க கால உறுப்பினர்கள். அம்புஜம்மாளுக்கு அப்போது வயது பதினெட்டுதான்.

ஒரேயடியாக வெறும் நிலத்தில் முளைத்த சங்கமும் இல்லை. அடையாற்றில் அதற்கு முன்பே தமிழ் மாதர் சங்கம் ஒன்று இருந்தது. பெண்கள் கூடித் தைப்பார்கள், படிப்பார்கள். மதனப்பள்ளியில் மார்கரெட் கசின்ஸும் உள்ளூர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சமாஜம் நடத்திக்கொண்டிருந்தார். அதன் பெயர் ‘அபலா அபிவர்த்தினி சமாஜம்’. அபலைகளை முன்னேற்றும் சங்கம்! ஐரிஷ் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஒரு பெண் அந்தப் பெயரில் ஒரு சங்கம் நடத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கூட்டங்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவரலாமே என்ற யோசனையில்தான் இந்திய மாதர் சங்கம் பிறந்தது.

தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, தலைவரை அரசாங்கம் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்துவிட்டது. தன்னாட்சி கேட்டுக் கிளர்ச்சி செய்தார் என்பது அன்னி பெசன்ட் மீதான குற்றச்சாட்டு. செப்டம்பரில்தான் விட்டார்கள்.

மார்கரெட் கசின்ஸ் ஓர் ஐரிஷ்காரர். அவருக்கு இங்கே என்ன வேலை?

கணவர் ஜேம்ஸ் கசின்ஸ் பிரம்மஞானி, கவிஞர். அன்னி பெசன்ட் அழைத்து 1915-இல் இருவரும் வந்தார்கள். ஜேம்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியில் வேலை பார்த்தார். மார்கரெட் அயர்லாந்தில் 1908-இல் பெண்கள் வாக்குரிமை லீக் ஒன்றைத் தோழிகளோடு தொடங்கியவர். லண்டனிலும் அயர்லாந்திலும் சிறைக்குப் போனவர். மனு எழுதுவது, தூதுக்குழு கட்டுவது, பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது, கூட்டத்தில் கலாட்டா வந்தால் சமாளிப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. சென்னைச் சங்கத்துக்கு அவர் கொண்டுவந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

இசையும் படித்தவர். 1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து ‘ஜன கண மன’ பாடியபோது அதற்கு ஸ்வரம் குறித்து வைத்தவர் இவர்தான்.

வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய சங்கம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. தொடக்க ஆண்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். 1933-இலிருந்து 1947 வரை தலைவராக இருந்தவர் புதுக்கோட்டைக்காரரான முத்துலட்சுமி ரெட்டி என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டு கேட்பதற்காகவே தொடங்கினார்களா?

நோக்கங்களில் ஓட்டும் இருந்தது. நகரசபைக்கும் சட்டசபைக்கும் ஆண்களுக்கு உள்ள ஓட்டுரிமை பெண்களுக்கும் வேண்டும், உறுப்பினராகும் உரிமையும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய ஆரம்பக் கல்வி, பால்ய விவாக ஒழிப்பு என்று பட்டியல் நீளும். தாயாகவும் மனைவியாகவும் நாட்டின் வருங்காலம் பெண்கள் கையில் இருக்கிறது என்ற பழைய பாணிப் பேச்சும் அதே தாளில் உண்டு. கிளைகளில் அன்றாடம் நடந்தது எழுத்தறிவு வகுப்பு, தையல், முதலுதவி. ஓட்டு திடீரென்று முன்வரிசைக்கு வந்ததற்குக் காரணம் ஓர் அதிகாரியின் பதில் கடிதம். அது அடுத்த கேள்வி.

1917 டிசம்பர் 18-இல் என்ன நடந்தது?

இந்தச் சங்கத்தின் வரலாற்றில் ஒரே ஒரு நாளைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க லண்டனிலிருந்து வந்திருந்தார். வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் அவரும் ஊர் ஊராகப் போய்த் தூதுக்குழுக்களைச் சந்தித்தார்கள். ஜமீன்தார்கள், வியாபாரிகள், பிராமணரல்லாதார் சங்கம், முஸ்லிம் அமைப்புகள் என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பெண்கள் சார்பாக யாரும் இல்லை. புனேயில் கார்வே நடத்திய பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களோடு பேசி, பெண் கல்வி பற்றி மனு கொடுக்கலாம் என்று மார்கரெட் கசின்ஸ் அனுமதி கேட்டு எழுதினார். அரசியல் விஷயமாக இருந்தால் மட்டுமே தூதுக்குழுவைச் சந்திப்பார்கள் என்று பதில் வந்தது.

சரி, அரசியல்தானே வேண்டும் என்று ஓட்டுரிமைக் கோரிக்கையை மனுவில் சேர்த்துவிட்டார்கள். தட்டிக்கழிக்க எழுதிய வரியையே வாசலாக மாற்றிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். எழுதிய குமாஸ்தா என்ன நினைத்து எழுதினாரோ!

சென்னையில் சந்திப்பு நடந்தது. சரோஜினி நாயுடு தலைமை தாங்கினார். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், பேகம் ஹஸ்ரத் மோகானி முதலியோர் போனார்கள். புதிய சட்டத்தில் ‘மக்கள்’ என்று எழுதும்போது அதில் பெண்களும் அடக்கம் என்று கொள்ள வேண்டும், பெண் என்பதால் தகுதி போய்விடும்படி வாசகம் இருக்கக்கூடாது. மனுவின் சாரம் இதுதான். தனிச் சலுகை கேட்கவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவக் கல்லூரி, பயிற்சி பெற்ற ஆசிரியைகள் ஆகிய பழைய கோரிக்கைகளும் மனுவில் இருந்தன. அவை மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

அரசாங்கம் என்ன பதில் சொன்னது?

ஒன்றும் சொல்லவில்லை. 1918-இல் வந்த மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு அறிக்கை பெண்கள் ஓட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்து யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ குழு, பெண்களைத் திரைமறைவில் வைக்கும் கோஷா வழக்கமும் சமூகப் பழமையும் இருக்கும் நாட்டில் பெண்களுக்கு ஓட்டு கொடுக்க இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிட்டது. கூட்டங்கள் போட்டார்கள், தந்தி அடித்தார்கள். பம்பாயில் 1918-இல் நடந்த காங்கிரஸ் சிறப்பு மாநாடு பெண்கள் ஓட்டை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 1919-இல் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிதான் ஆகியோர் லண்டனுக்கே போய்ப் பார்லிமென்ட் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள்.

பிரிட்டிஷ் பார்லிமென்ட் கடைசியில் நழுவலான ஒரு முடிவு எடுத்தது. 1919 சட்டத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் எந்த மாகாணச் சட்டசபை விரும்புகிறதோ அது தீர்மானம் போட்டு அந்தத் தடையை நீக்கிக்கொள்ளலாம். பொறுப்பை இந்திய ஆண்களின் தலையில் கட்டிவிட்டார்கள். இந்திய ஆண்கள் மறுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தால், அது தப்புக் கணக்கு.

அப்படியானால் சென்னையில் எப்போது ஓட்டு கிடைத்தது?

1921 ஏப்ரலில் சென்னைச் சட்டசபை தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். சமஸ்தானங்களைச் சேர்த்தால் திருவிதாங்கூர் ஓராண்டு முந்திக்கொண்டது. பம்பாய் சில மாதங்களில் பின்தொடர்ந்தது. வங்காளத்துக்கு 1925 வரை ஆயிற்று. பெண்கள் இங்கே முதன்முதலில் சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்டது 1923-இல்.

அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான டி.எம். நாயரும் அன்னி பெசன்ட்டும் பாம்பும் கீரியுமாக இருந்தவர்கள். கோர்ட் வரை போன பகை அது. பெசன்ட் தலைவராக இருந்த சங்கம் கேட்ட உரிமையை நீதிக்கட்சி சபை கொடுத்தது என்பதை இரண்டு தரப்பு ஆதரவாளர்களும் அதிகம் சொல்வதில்லை.

எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டதா?

இல்லவே இல்லை. ஆண்களுக்கே எல்லோருக்கும் இல்லை. நாலு கோடி ஜனத்தொகை இருந்த மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். வரி கட்டுபவர்களுக்கும் சொத்து உள்ளவர்களுக்கும்தான் ஓட்டு. அந்த அளவுகோலை அப்படியே பெண்களுக்கும் வைத்தார்கள். பட்டா யார் பெயரில் இருந்தது? பெரும்பாலும் அப்பா பெயரில், புருஷன் பெயரில், அண்ணன் பெயரில். ஆகவே சட்டத்தில் கதவு திறந்தாலும் உள்ளே போகக்கூடிய பெண்கள் வெகு சிலர். இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் இருபது ஆண் வாக்காளர்களுக்கு ஒரு பெண் வாக்காளர்கூட சரியாகத் தேறவில்லை.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகுதான். அதிலும் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களை நீக்க வேண்டியதாயிற்று. ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் அம்மா’ என்று பதிந்திருந்தார்கள், சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்தார்கள் என்பது காரணம். பெரும்பாலும் வட மாநிலங்களில்.

கட்சி சார்பற்ற சங்கம் என்கிறீர்கள். தலைவரே காங்கிரஸ் தலைவராக இருந்தவர் அல்லவா?

நியாயமான கேள்வி. சங்கம் தொடங்கிய அதே ஆண்டின் டிசம்பரில் அன்னி பெசன்ட் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். சரோஜினி நாயுடுவும் அம்மு சுவாமிநாதனும் அம்புஜம்மாளும் காங்கிரஸ்காரர்கள். இப்படியிருக்க என்ன சார்பின்மை?

சங்கம் எந்தக் கட்சிக்காகவும் ஓட்டு கேட்கவில்லை. எந்த மதத்தவரும் கட்சியினரும் உறுப்பினராகலாம். அந்த அர்த்தத்தில்தான் சார்பற்றது. இதனால் நடைமுறையில் ஒரு லாபம் இருந்தது. கணவர் ஜட்ஜாகவோ கலெக்டர் ஆபீஸிலோ வேலை பார்க்கும் பெண் காங்கிரஸ் கூட்டத்துக்குப் போக முடியாது, மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகலாம். ஐரோப்பியப் பெண்களும் இந்தியப் பெண்களும் ஒரே அறையில் உட்கார முடிந்ததும் அதனால்தான்.

காற்று பலமாக அடித்தபோது இந்த நிலை ஆட்டம் கண்டது. சைமன் கமிஷனை நாடே புறக்கணித்தபோது, அதற்குத் துணையாக அமைந்த ஹார்டாக் கல்விக் குழுவில் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராக இருந்தார். பெண் கல்விக்காகப் போனேன் என்பது அவர் பக்கம். 1930-இல் காந்தி கைதானதும் சட்டசபைப் பதவியைத் துறந்தவரும் அவரேதான். 1932-இல் அரசின் அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக மார்கரெட் கசின்ஸ் வேலூர் சிறையில் மாதக்கணக்கில் இருந்தார். சங்கம் கட்சி சாரவில்லை. சங்கத்துப் பெண்கள் சார்ந்தார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று அவர்களே அவ்வப்போது தடுமாறியிருக்கிறார்கள், அதில் பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் பெண் வாக்காளர் லீக் மாதிரியா இது?

சாயல் உண்டு. அந்த லீக் 1920-இல் சிகாகோவில் தொடங்கியது. எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்ற கொள்கையை இன்றுவரை வைத்திருக்கிறது. 1976, 1980, 1984 தேர்தல்களில் ஜனாதிபதி வேட்பாளர் விவாதங்களைக்கூட நடத்தியது. ஆனால் அங்கே ஓட்டுரிமைப் போராட்டம் முடியும் தறுவாயில், கிடைக்கப்போகும் ஓட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரப் பிறந்தது அது. நம்மூர்ச் சங்கம் ஓட்டே இல்லாத காலத்தில் பிறந்து, கேட்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தது.

சங்கத்துப் பெண்கள் தேர்தலில் நின்றார்களா?

ஓட்டுப் போடும் உரிமை வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1926-இல்தான் உறுப்பினராகும் உரிமை வந்தது. அதே ஆண்டு தேர்தல். அப்போது மங்களூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. மார்கரெட் கசின்ஸ் தூண்டியதில் கமலாதேவி சட்டோபாத்யாய அங்கே நின்றார். பிரசாரத்துக்குக் கிடைத்தது சொற்ப நாட்கள். கொஞ்சம் ஓட்டில் தோற்றார்.

தேர்தலில் ஜெயித்து யாரும் வராததால், ஒரு பெண்ணையாவது நியமியுங்கள் என்று சங்கம் கவர்னரிடம் கேட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் சங்கம் சொன்னதுதான். அவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. டாக்டர் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. போன வேகத்திலேயே 1927-இல் சபை ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

சட்டசபையில் அவர் என்ன செய்தார்?

மூன்றரை ஆண்டுகள்கூட முழுதாக இல்லை, அதற்குள் எவ்வளவு! பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். விபசார விடுதிகளை ஒடுக்கும் சட்டத்துக்குப் பாடுபட்டார். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். அது 1929-இல் நிறைவேறியது, பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று குறைந்தபட்ச வயது வைத்தது. சங்கம் கேட்ட வயது அதைவிடக் கூடுதல்.

எல்லாவற்றையும்விட அவர் பெயரோடு நிற்பது தேவதாசி முறை ஒழிப்பு. 1929-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, கோயில் ஊழியத்துக்காக மானியமாகக் கொடுத்த நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து அந்தப் பெண்களுக்கே கிடைக்க வழி செய்தார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் சடங்கையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். அவர் விலகியதும் மசோதா அந்தரத்தில் நின்றது. கடைசியில் 1947-இல், ஓமந்தூரார் ஆட்சியில் சட்டமாயிற்று. பதினேழு வருஷம்.

நடுவில், அந்த முறையிலிருந்து தப்பி வந்த சில சிறுமிகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாததால் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லம் அப்படி வந்ததுதான்.

தேவதாசிகளே அந்த மசோதாவை எதிர்த்தார்களாமே?

எதிர்த்தார்கள், சங்கமாகக் கூடி மனுவும் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் முக்கியமானவர். தங்களில் எல்லோரையும் விபசாரிகள் என்று ஒரே கூடையில் போடுவது அநியாயம், கலையும் சொத்துரிமையும் தங்கள் குலத்துப் பெண்களுக்கு இருந்தன, அதைப் பிடுங்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். சொத்து விஷயத்தில் அந்த வாதத்துக்குக் கனம் இருக்கிறது: மற்றக் குடும்பத்துப் பெண்களுக்குச் சொத்துரிமை இல்லாத காலத்தில் அவர்களுக்கு இருந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதற்கு அந்த வாதம் பதில் சொல்லவில்லை. மூவலூர் ராமாமிர்தம் போல அந்தச் சமூகத்திலிருந்தே வந்து ஒழிப்புக்காகப் போராடியவர்களும் இருந்தார்கள். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளே தேவதாசி மரபில் வந்தவர்தான். வெளியாள் தலையீடு என்று அவரை ஒதுக்க முடியாதது அதனால்.

பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை இந்தச் சங்கம் எதிர்த்தது என்பது உண்மையா?

உண்மை. இன்றைக்குக் கேட்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

1930-இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. அரசாங்கம் அழைத்துப் போன இரண்டு பெண்கள் பேகம் ஷா நவாஸும் ராதாபாய் சுப்பராயனும். ராதாபாய் அதுவரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மனைவி. பெண்கள் நேரடியாக நின்றால் ஜெயிப்பது கஷ்டம், கொஞ்ச காலத்துக்காவது தனி இடங்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் பெண்கள் தேசியக் கவுன்சிலும் சேர்ந்து 1931-இல் எதிர்மனு கொடுத்தன. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கொடுங்கள், ஒதுக்கீடும் வேண்டாம், நியமனமும் வேண்டாம், சமமாக நிற்க விடுங்கள் போதும் என்றன.

இரண்டு பயம் இருந்தது அவர்களுக்கு. ஒதுக்கீடு என்று போனால் அரசாங்கம் அதையும் மதவாரியாகப் பிரிக்கும் என்பது ஒன்று. மனைவி என்ற தகுதியில் ஓட்டு கொடுத்துவிட்டு, பிரஜை என்ற தகுதியை மறந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் அப்படியே நடந்தன. 1935 சட்டத்தில் சொத்துள்ள ஆணின் மனைவிக்கும் விதவைக்கும் ஓட்டு வந்தது, எழுத்தறிவு உள்ள பெண்களுக்கும் வந்தது. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு. அதிலும் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்கு, ஒன்று கிறிஸ்தவப் பெண்ணுக்கு என்று பிரித்துவிட்டார்கள்.

ஆனால் ராதாபாய் பக்கம் நியாயம் இல்லையா? 1926-இல் கமலாதேவி தோற்றதும், நியமனத்தில்தான் முத்துலட்சுமி உள்ளே போக முடிந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த நியமனத்தைக் கேட்டு வாங்கிய சங்கமே ஐந்தே ஆண்டில் நியமனம் கூடாது என்றது. 1952-க்குப் பிறகு எத்தனை பெண்கள் சட்டசபைக்குப் போனார்கள் என்று பார்த்தால் ராதாபாய் சொன்னது பலித்தது என்றுதான் எனக்குப் படுகிறது. 33 சதவீத ஒதுக்கீட்டுக்கான அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறவே 2023 ஆயிற்று. ராதாபாய் பிற்பாடு காங்கிரஸில் சேர்ந்து 1938-இல் மத்திய மேல்சபைக்குப் போன முதல் பெண்ணானார்.

மேல்தட்டுப் பெண்களின் சங்கம்தானே?

பெரும்பாலும் ஆமாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள், வக்கீல், ஜட்ஜ், டாக்டர் வீட்டுப் பெண்கள், பிராமணப் பெண்கள் அதிகம். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் தையல் வகுப்புக்கு வர நேரம் ஏது? அதே காலத்தில் சுயமரியாதை இயக்க மேடைகளில் பெண்கள் சாதி, புரோகிதம், திருமணச் சடங்கு, கருத்தடை பற்றியெல்லாம் பேசினார்கள். மாதர் சங்கம் அந்தப் பக்கம் போகத் தயங்கியது. தாய்மை, குலப்பெண்மை என்ற மொழியிலேயே உரிமையைக் கேட்டது. அது தந்திரமா, நம்பிக்கையா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருவருக்குத் தந்திரமாகவும் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நம்பிக்கையாகவும் இருந்திருக்கும்.

‘ஸ்திரீ தர்மம்’ பத்திரிகை பற்றி?

1918-இல் தொடங்கியது, 1936 வரை வந்தது. முக்கியமாக இங்கிலீஷ், கூடவே தமிழ், தெலுங்குப் பகுதிகளும் பின்னால் இந்தியும். மாலதி பட்வர்தனும் முத்துலட்சுமியும் ஆசிரியர்களாக இருந்தார்கள். சாஸ்திரத்தில் ஸ்திரீ தர்மம் என்றால் புருஷனுக்குச் செய்யும் கடமை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே ஓட்டுரிமைச் செய்தியும் அயல்நாட்டுப் பெண்கள் போராட்டமும் போட்டார்கள். பெயரைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அகில இந்திய மாதர் மாநாடு, ஜனநாயக மாதர் சங்கம் எல்லாம் இதுவேதானா?

மூன்றும் வேறு வேறு. அகில இந்திய மாதர் மாநாடு 1927 ஜனவரியில் புனேயில் கூடியது. பெண்களுக்கு எப்படிப்பட்ட கல்வி வேண்டும் என்று பெண்களே சொல்லட்டும் என வங்காளக் கல்வி அதிகாரி ஒருவர் பேசப்போக, அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட் கசின்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கூட்டிய மாநாடு அது. ஒரு வகையில் சென்னைச் சங்கத்தின் பிள்ளை. வளர்ந்த பிறகு தாயைவிடப் பெரிதாகிவிட்டது. அகில இந்திய அரங்கு அதன் கைக்குப் போனதும் மாதர் சங்கம் மெல்ல மெல்லச் சென்னைக்குரியதாகச் சுருங்கியது.

அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 1981-இல் தொடங்கியது, இடதுசாரி இயக்கத்தோடு தொடர்புடையது. அதன் தொடக்க மாநாடும் சென்னையில் நடந்ததால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இப்போது பத்திரிகைகளில் ‘மாதர் சங்கம் ஆர்ப்பாட்டம்’ என்று படித்தால் அநேகமாக அவர்கள்தான்.

சங்கம் இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது, சென்னையில்தான். 2017-இல் நூறு வயது நிறைந்தது. இன்று அதன் வேலை பெரும்பாலும் சமூக சேவைப் பக்கம். ஓட்டுரிமைக்காகப் பேச வேண்டிய காலம் அதற்குப் போய்விட்டது. அது பெற்றெடுத்தவற்றில் இரண்டு நன்றாகவே நடக்கின்றன. ஒன்று அவ்வை இல்லம். மற்றொன்றுக்கு வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் ‘அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள்.